தீர்ப்புச் சொல்லாமல் தன்னைப் பார்க்கப் பழகுவது எப்படி

சோறு அடிப்பிடித்துவிட்டது. இது நடந்தது. "ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஆள் நான்." இது தீர்ப்பு. இரண்டுக்கும் இடையில் ஒரு நொடிகூட இருப்பதில்லை. அதனாலேயே தீர்ப்பையும் நடந்ததின் ஒரு பகுதி என்று நம்பி, அன்று முழுவதும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம். கீழே வரும் பயிற்சிகள் எல்லாம் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்குபவை. பிரிக்கத் தெரிந்துவிட்டால், தன்னை ஏற்றுக்கொள்வது கரியாத சோற்றை வேறு சட்டிக்கு மாற்றுகிற அளவுக்குச் சாதாரணமான காரியம்.

தீர்ப்பே வராத மனம் ஒன்றைத் தேடிப் போக வேண்டாம். கண்ணில் படுவதையெல்லாம் நல்லது, கெட்டது, ஆபத்து என்று பிரிப்பது மனதின் அன்றாட வேலை. அது நிற்காது. நாம் பழக வேண்டியது இரண்டே காரியங்கள்: தீர்ப்பு வந்தவுடன் "இதோ ஒரு தீர்ப்பு" என்று கண்டுகொள்வது, கண்டுகொண்டதற்காகத் தன்னை இன்னொரு தடவை ஏசாமல் இருப்பது. இரண்டாவதுதான் கடினம். பெரும்பாலானவர்கள் அங்கேதான் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

இது எந்தச் சமயத்தின் பயிற்சி?

கோயில் மணியும் பாங்கும் தேவாலய மணியும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காலையில் கேட்கிற திருகோணமலையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதன் வேர், உடம்பிலும் மனதிலும் நடப்பதை நடக்கிறபடி கவனிக்கிற பௌத்தத்தின் சதிபட்டானப் பயிற்சி. 1979இல் ஜோன் கபட்-சின், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக அதைச் சடங்கோ நம்பிக்கையோ தேவைப்படாத 8 வார வகுப்பாக ஆக்கினார். பின்னர் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கென்று அதையே வேறு வடிவில் அமைத்தார்கள். இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படுவது இந்த வழியில் வந்ததுதான். மந்திரம் இல்லை, வணங்க உருவம் இல்லை. சுபஹுத் தொழுகை முடிந்து விரிப்பிலேயே 10 நிமிடம் கூடுதலாக இருந்து செய்யலாம். சாமி அறையில் விளக்கு வைத்த பிறகும் செய்யலாம். வழிபாட்டை இது மாற்றீடு செய்யாது, அதோடு மோதவும் செய்யாது.

இடம், நேரம், உட்காரும் விதம்

ஒரு கதிரை, ஒரு கொப்பி, ஒரு பேனை, நேரம் பார்க்கப் போன். இவ்வளவும் போதும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மெல்லிய ஒலி ஒன்றை வைத்து, முதுகுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒரு தடவை கை போகும்.

நேரம் விடியற்காலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 9 மணிக்கே தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியாமல் போகும். வெக்கையில் வரும் எரிச்சலோடு போராடுவது ஆரம்பத்தில் தேவையில்லாத பாரம். ஆறு மணிக்கு முன், வீடு எழும்பும் முன் செய்துவிடுவது நல்லது. மாரி மாதங்களில் நுளம்புச் சுருள் ஒன்றை இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், புகை மூக்கில் ஏறக்கூடாது. டச்சு வளைகுடாக் கரையில் உட்கார்ந்து செய்ய ஆசை வரும். கடற்கரை அழகுதான், ஆனால் தெரிந்தவர்கள் உலாவ வரும் இடம். "என்ன, தனியே இருக்கிறியள், ஏதும் பிரச்சினையோ?" என்று அன்போடு கேட்பார்கள். முதல் ஒரு மாதத்துக்கு வீட்டு விறாந்தையே வசதி. வீட்டாரிடம், "10 நிமிஷம் என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்தால் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றமே பயிற்சியாகிவிடும்.

கதிரையில் இருந்தால் முதுகைச் சாய்க்காமல் கொஞ்சம் முன்னுக்கு வந்து இருங்கள். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படட்டும். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை வையுங்கள். பாயில் சம்மணம் போட்டு இருப்பவர்கள் இடுப்புக்குக் கீழே 3, 4 அங்குல உயரத்துக்கு மடித்த போர்வை வைக்க வேண்டும். முழங்காலை விட இடுப்பு உயர்ந்து இருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். அது இல்லாமல் இருந்தால் 5 நிமிடத்தில் கூனல் விழும், கால் விறைக்கும், மூச்சுச் சுருங்கும், பிறகு "எனக்கு இது சரிவராது" என்று தோன்றும். பழுது மனதில் இருக்காது, போர்வையில் இருக்கும். கண்ணை மூடலாம். தூக்கம் வந்தால் அரைவாசி திறந்து, மூன்றடி முன்னால் தரையைப் பாருங்கள்.

அடிப்படைப் பயிற்சி

முதல் வாரம் 5 நிமிடம், இரண்டாம் வாரத்திலிருந்து 10 நிமிடம்.

1. மூன்று மூச்சு வேண்டுமென்றே ஆழமாக இழுத்து விடுங்கள். அதற்குப் பிறகு மூச்சை அதன் பாட்டில் விடுங்கள்.
2. கவனத்துக்கு ஒரு பிடிமானம் தெரிவு செய்யுங்கள்: மூக்கு நுனியில் காற்றுப் படும் இடம், அல்லது வயிறு உயர்ந்து தாழ்வது, அல்லது பாதம் தரையில் அழுந்துவது, அல்லது வெளிச் சத்தம். ஒன்றுதான். இடையில் மாற்ற வேண்டாம்.
3. மனம் போய்விடும். போனது தெரிந்தவுடன், போன இடத்துக்கு ஒரு சொல்லில் பெயர் வையுங்கள்: "யோசனை", "திட்டம்", "ஞாபகம்", "தீர்ப்பு". உள்ளே மெதுவாக, ஒரே ஒரு தடவை.
4. பிடிமானத்துக்குத் திரும்புங்கள்.

இந்த 4 படிகளில் உண்மையான பயிற்சி நடப்பது மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும் இடத்தில். 10 நிமிடத்தில் மனம் 50 தடவை ஓடினால் 50 தடவை திரும்பி வரலாம். ஓடாமல் நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர், திரும்பி வரும் வேலையைக் கற்காமலே எழும்புவார். பெயர் வைக்கும் இந்த உத்தியைப் பரவலாக்கியவர் பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயடோ. பெயரை நீட்ட வேண்டாம். "வங்கிக் கடனைப் பற்றிய யோசனை" என்று சொன்னால் அந்தக் கடனே உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். "யோசனை", அவ்வளவுதான்.

மூச்சைக் கவனிக்கத் தொடங்கியவுடன் மூச்சு முட்டுவதுபோலச் சிலருக்கு வரும். கவனிக்கிறோம் என்ற பெயரில் அவர்கள் மூச்சை இயக்கத் தொடங்கிவிட்டார்கள், காரணம் அதுதான். சண்டை பிடிக்காமல் பாதத்துக்கு மாறிவிடுங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் ஆரம்பத்திலிருந்தே பாதத்தையோ கையையோ பிடிமானமாக வைப்பது நல்லது. மார்கழி மழை கூரையில் கொட்டும்போது சத்தமே நல்ல பிடிமானம். காகத்தின் கத்தலும் பக்கத்து வீட்டு மோட்டார்ப் பம்பும்கூட அப்படித்தான். "இந்தச் சத்தம் நின்றால்தான் தியானம்" என்று மனம் சொல்லும்போது, அதற்கும் பெயர் "தீர்ப்பு".

ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பிவிடும். "இன்றைக்கு நல்லாக இருந்தேன்" என்பதும் தீர்ப்புத்தான். பாராட்டை வைத்துக்கொண்டு ஏச்சை மட்டும் விரட்ட முடியாது. இன்று நன்றாக இருந்தது என்று குறித்துவைக்கிற மனம், நாளைக்கு ஏன் இல்லை என்று கட்டாயம் கேட்கும்.

கொப்பியில் மூன்று நிரல்

உட்கார்ந்து செய்வது வாய்க்கால் வெட்டுவது மட்டும். தண்ணீர் ஓட வேண்டியது சமையலறையிலும் கந்தோரிலும் பஸ்ஸிலும். அதற்குக் கொப்பி. ஒவ்வொரு நாளும் இரவில், மனம் உறுத்திய ஒரே ஒரு சம்பவம். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் "நடந்தது", நடுவில் "உடம்பு", வலது பக்கம் "தீர்ப்பு" என்று எழுதுங்கள்.

"நடந்தது" நிரலுக்கு ஒரு சோதனை உண்டு: அதை வீடியோ எடுத்திருந்தால் பதிவாகியிருக்குமா? "அவர் என்னை மதிக்கவில்லை" பதிவாகாது. "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்" பதிவாகும். "வழக்கம்போல", "வேண்டுமென்றே", "தேவையில்லாமல்" என்ற சொற்கள் இந்த நிரலுக்குள் களவாக நுழையும். அவை நடந்ததின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் தீர்ப்புகள். வெட்டி வலது பக்கத்துக்கு அனுப்புங்கள். முதல் வாரம் எழுதும் பத்து வசனங்களில் பாதிக்கு மேல் இடம் மாறினால் பயப்பட வேண்டாம். கற்றுக்கொள்வது அந்த வெட்டுதலில்தான் நடக்கிறது.

ஓர் உதாரணம். ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாள்.

நடந்தது: மகளுக்குக் கணிதத்தில் எஸ் (ஆகக் குறைந்த தேர்ச்சி). நான் அடுப்படியில் வைத்து, மாமி கேட்கும்படி ஏசினேன். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

உடம்பு: காது சூடு. தொண்டை அடைப்பு. பிறகு கை நடுக்கம்.

தீர்ப்பு: அவள் பொறுப்பில்லாதவள். நான் ஒரு தாயா? சனம் என்ன கதைக்கும்.

வலது நிரலைப் பாருங்கள், மூன்று தீர்ப்பும் மூன்று குரலில் வந்திருக்கின்றன. முதலாவது பிள்ளை மேல், இரண்டாவது தன் மேல், மூன்றாவது ஊரின் வாயால். நம்மில் பலருக்குள் பேசும் தீர்ப்பின் குரல் நம்முடையதே அல்ல. சின்ன வயதில் அம்மா ஏசிய தொனி, வகுப்பில் வாத்தியார் எல்லார் முன்னாலும் சொன்ன சொல், "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற ஒப்பீடு. யாருடைய குரல் என்று தெரிந்தால் நிரலின் ஓரத்தில் சின்னதாகக் குறியுங்கள். யாரையும் குற்றஞ்சாட்ட அல்ல. குரலுக்குச் சொந்தக்காரர் தெரிந்துவிட்டால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று தோன்றுவது குறையும். "எப்பவும்", "ஒருநாளும்", "எல்லாரும்" என்று வருகிற வசனங்கள் அநேகமாக இந்தப் பழைய குரல்கள்தான்.

நடு நிரலைச் சோம்பலில் விட்டுவிட வேண்டாம். தீர்ப்பு சொல்லாகி வெளியே வருவதற்கு முன்பே உடம்பு அதைக் காட்டிவிடும். காது சூடாவது உங்கள் அறிகுறி என்று இரண்டு வாரத்தில் கொப்பியே சொல்லித்தரும். அடுத்த தடவை காது சூடாகும்போது வாயைத் திறக்க முன் ஒரு மூச்சுக்கு இடம் கிடைக்கும். அது ஒரு மூச்சுத்தான், ஆனால் ஏச்சு நிற்பதும் நிற்காததும் அங்கேதான் முடிவாகிறது.

உணர்வுக்குச் சரியான பெயர்

மூன்று நிரலுக்கும் கீழே ஒரே சொல்லில் உணர்வின் பெயரை எழுதுங்கள். 2007இல் மத்தியூ லீபர்மேன் குழுவினர் செய்த மூளைப் படப் பரிசோதனையில், கோபம், பயம் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்குப் பெயர் சொன்னபோது, ஆபத்துக்கு அலாரம் அடிக்கிற மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயற்பாடு குறைந்தது. பெயர் எவ்வளவு பொருத்தமோ அவ்வளவு பயன்.

எல்லாவற்றையும் "கோபம்", "கவலை" என்ற இரண்டு பெட்டிக்குள் போட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் நாம் அன்றாடம் பேசும் பேச்சில் சொற்கள் நிறைய இருக்கின்றன: எரிச்சல், ஆற்றாமை, மனத்தாங்கல், பதகளிப்பு, அந்தரம், வெட்கம், குற்றவுணர்வு, பொறாமை, ஏக்கம், சலிப்பு, விரக்தி. மேலே சொன்ன தாய்க்கு முதலில் வந்த சொல் "கோபம்". இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தால் அது பதகளிப்பு: பிள்ளையின் எதிர்காலம் பற்றியது. கோபத்துக்கு மருந்து தேடினால் பிள்ளையைத் திருத்தப் போவோம். பதகளிப்புக்கு மருந்து தேடினால் பிள்ளையோடு இருந்து கதைக்கப் போவோம். வெட்கத்தையும் குற்றவுணர்வையும் கட்டாயம் பிரியுங்கள். "நான் பிழையாகச் செய்தேன்" என்பது குற்றவுணர்வு, அதற்கு மன்னிப்பும் திருத்தமும் வழி. "நானே பிழை" என்பது வெட்கம், அதற்கு எந்தத் திருத்தமும் போதாது.

கன்னியாவிலும் கோணேசர் மலையிலும்

தீர்ப்புக்கு முந்திய ஒரு படியை உடம்பால் பிடிக்க, கன்னியா வெந்நீர் ஊற்றுகளை விட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வாளியால் அள்ளி ஊற்றும்போது மூன்றே சொற்களைப் பயன்படுத்துங்கள்: "இதம்", "இதமில்லை", "இரண்டுமில்லை". முதல் வாளி அநேகமாக "இதமில்லை". அடுத்த கணமே "ஐயோ, இதுக்கு ஏன் வந்தேன்" என்று ஒரு வசனம் கிளம்பும். அந்த இரண்டும் தனித்தனி. சூடு தோலில் இருக்கிறது, வசனம் தலையில் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது வாளியில் அதே சூடு "இதம்" ஆகிவிடுவதையும் காண்பீர்கள். சனம் குறைந்த கிழமை நாள் காலையில் போங்கள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய ஊற்றுகள் என்ற ஐதீகத்தால், இறந்தவர்களுக்கான கிரியைகளுக்கும் இங்கு வருகிறார்கள். அண்மையில் யாரையாவது இழந்தவர்கள் இந்தப் பயிற்சிக்கு இந்த இடத்தைத் தெரிவு செய்ய வேண்டாம், வீட்டில் குளிக்கும் கிணற்றடி போதும்.

உட்கார முடியாதவர்களுக்கு நடை. பிரெட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி நல்லதுதான், ஆனால் அதில் முழுத் தூரமும் செய்ய முயல வேண்டாம். மர நிழலில் 20 அடித் துண்டு ஒன்றைத் தெரிந்து, "தூக்கு, நகர்த்து, வை" என்று உள்ளே சொல்லிக்கொண்டு போய்த் திரும்பி வாருங்கள், 10 நிமிடம். மான் குறுக்கே வந்தால் நின்று பாருங்கள், "பார்க்கிறேன்" என்று பெயர் வையுங்கள், பிறகு அடியைத் தொடருங்கள். கோயில் கிட்டச் செருப்பைக் கழற்றிய பிறகு மதிய வெயிலில் தரை சுடும். அதைத் தாங்கிக்கொண்டு செய்வது பயிற்சி ஆகாது. காலையிலேயே போங்கள்.

தன்னோடு பேசும் சொல்

பிரித்துப் பார்த்தாயிற்று, பெயர் வைத்தாயிற்று. இன்னும் நெஞ்சு இறுக்கமாகவே இருந்தால், தனக்குத் தானே கருணை காட்டும் ஒரு சின்னப் பயிற்சி. இதைப் பற்றி 2003 முதல் எழுதிவரும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் இதில் மூன்று அம்சங்களைச் சொல்கிறார்: உள்ளதை உள்ளபடி காண்பது, இது மனிதருக்கு வருவதுதான் என்று உணர்வது, தன்னிடம் அன்பாக இருப்பது. செய்யும் முறை எளிது. ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூன்று வசனம் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டு. "இப்ப எனக்குக் கஷ்டமாக இருக்கு." "இப்படி எனக்கு மட்டும் வரேல்ல." மூன்றாவதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இதே காரியத்தை உங்கள் தங்கச்சி செய்துவிட்டு வந்து அழுதால் என்ன சொல்வீர்கள்? "சரி, விடு. முதல்ல முகத்தைக் கழுவிட்டு வா. பிறகு பாப்பம்." அதையே, அதே தொனியில், உங்களுக்குச் சொல்லுங்கள். புத்தகத் தமிழில் சொன்னால் நெஞ்சுக்குள் இறங்காது. வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள்.

கூச்சமாக இருக்கும். "இது செல்லம் கொடுப்பது, பிழை விட்ட ஆளுக்கு ஏச்சுத்தான் வேண்டும்" என்று தோன்றும். இந்த இடத்தில் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்றுக்கொள்வது என்றால் சரி என்று சொல்வதல்ல. அந்தத் தாய் ஏசியது நடந்தது, ஏற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த நாள் காலையில் மகளிடம், "நேற்று எல்லார் முன்னாலும் ஏசினது என்ர பிழை" என்று சொல்ல வாய் வரும். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டே இருப்பவர் தன் வழக்கை வாதாடுவதிலேயே களைத்துவிடுவார், மகளிடம் போக அவருக்குத் தெம்பு இருக்காது. ஆகவே கொப்பியின் கடைசியில் ஒரு வரி: "நாளைக்கு நான் செய்யக்கூடியது." ஒரே ஒரு செயல். உறுத்தியது கடன் என்றால், சீட்டுப் பிடிப்பவரிடம் போய் எப்போது தர முடியும் என்று உண்மையாகச் சொல்வது. அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கொப்பி வெறும் புலம்பல் புத்தகம் ஆகிவிடும்.

ஏற்றுக்கொள்ளச் சொல்லக்கூடாதவை

வீட்டில் அடி வாங்குகிறவரிடம் "தீர்ப்பின்றிக் கவனி" என்று சொல்வது கொடுமை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 1938. கணவரின் கோபத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதற்காக இந்தப் பயிற்சியைச் செய்வதாக யாராவது சொன்னால், நிறுத்தச் சொல்லுங்கள்.

உறவு காணாமல் ஆக்கப்பட்டவர்களிடம் "ஏற்றுக்கொள்" என்ற சொல்லை யாரும் எடுக்கக்கூடாது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காகக் காத்திருப்பது நோயல்ல, நீதி கேட்பதும் மனக்குழப்பம் அல்ல. அவர்களுக்கு இந்தப் பயிற்சி உதவக்கூடியது ஒரே இடத்தில்: "அன்றைக்கு நான் போக விட்டிருக்கக்கூடாது" என்று இரவில் தன்னைத்தானே தண்டிக்கும் குரலைக் கண்டுகொள்வதில். தேடலையும் கேள்வியையும் அப்படியே வைத்துக்கொண்டே, அந்தத் தண்டனையை மட்டும் தளர்த்தலாம்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு கவனமும் தேவை. போர்க்காலத்தைக் கண்டவர்கள், 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடலைக் கண்டவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால், அமைதிக்குப் பதிலாகப் பழைய காட்சி முழுதாக எழும்பி வரலாம். அவர்களின் பலவீனத்தால் அல்ல, வெளியே பார்க்க எதுவும் இல்லாதபோது நினைவு முன்னுக்கு வருவதால். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துச் செய்யட்டும். கடல் இரைச்சலைப் பிடிமானமாக எடுக்க வேண்டாம், பாதம் தரையில் அழுந்துவதை எடுக்கட்டும். 10 நிமிடம் வேண்டாம், 2 நிமிடம். காட்சி வரத் தொடங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கையை வையுங்கள், யாராவது ஒருவரோடு பேசுங்கள். தாக்குப்பிடிப்பது இங்கே வீரமில்லை. மறுபடி மறுபடி அப்படி வந்தால் தனியே தொடராமல், மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926, எந்த நேரத்திலும் எடுக்கலாம். சாகத் தோன்றினால் கொப்பியைத் தேட வேண்டாம், அந்த எண்ணைத் தேடுங்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். பயிற்சி நன்றாகப் போகிறது என்று மருந்தை நிறுத்தக்கூடாது.

எட்டு வாரம்

கபட்-சின்னின் வகுப்பில் கிழமைக்கு ஒருநாள் இரண்டரை மணித்தியாலக் கூட்டமும், வீட்டில் நாளுக்குக் கிட்டத்தட்ட 45 நிமிடப் பயிற்சியும் உண்டு. வேலைக்கும் டியூசனுக்கும் இடையில் வாழும் குடும்பத்துக்கு அது முடியாத காரியம். குறைத்துச் செய்யலாம்: முதல் இரண்டு வாரம் உட்காருவது மட்டும். மூன்றாம் வாரம் கொப்பியைத் தொடங்குங்கள். ஐந்தாம் வாரம் உணர்வின் பெயரும் நெஞ்சில் கை வைக்கும் பயிற்சியும். ஏழாம் வாரத்தில் கொப்பியை மூடிவிட்டு, பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போகும்போதோ சந்தையில் மீனுக்கு வரிசையில் நிற்கும்போதோ "நடந்தது, தீர்ப்பு" என்று மனதிலேயே பிரித்துப் பழகுங்கள்.

முன்னேற்றத்தை அமைதியை வைத்து அளக்க வேண்டாம். மூன்றாம், நான்காம் வாரத்தில் பலருக்கு நிலைமை மோசமாவதுபோலத் தோன்றும். "முந்தி இவ்வளவு ஏசுகிற ஆளாக நான் இருக்கேல்லையே" என்பார்கள். இருந்தார்கள், இப்போதுதான் கேட்கிறது. அளக்க வேண்டியது வேறு: தீர்ப்பு வந்ததற்கும் அதை நீங்கள் கண்டுகொண்டதற்கும் இடையில் எவ்வளவு நேரம். முதலில் அடுத்த நாள்தான் தெரியும். பிறகு அன்று இரவு. பிறகு வாயிலிருந்து சொல் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே. கடைசியாக, காது சூடாகும்போது.

எட்டு வாரம் கழிந்த பின் இன்னொரு பொறி உண்டு. "நான் தீர்ப்புச் சொல்லாத ஆள், இவர்களெல்லாம் விழிப்பில்லாதவர்கள்" என்ற எண்ணம் மெல்ல வரும். மனைவியின் கோபத்துக்கு, "நீர் இப்ப தீர்ப்புச் சொல்லுறீர்" என்று பதில் சொல்லத் தோன்றும். சொல்ல வேண்டாம். மூடிய கொப்பியைத் திறந்து, வலது நிரலில் எழுதுங்கள்.

நாட்கள் விடுபடும். கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளையின் காய்ச்சல், கரண்ட் இல்லாத வெக்கை இரவு. விட்ட நாட்களை ஈடுகட்ட மறுநாள் 30 நிமிடம் இருக்க முயல வேண்டாம், அது தண்டனைக் கணக்கு. "மூன்று நாள் செய்யவில்லை" என்று நடந்தது நிரலில் எழுதுங்கள். "எனக்கு ஒழுக்கம் இல்லை" என்று வந்தால் தீர்ப்பு நிரலில் எழுதுங்கள். பிறகு போனில் 5 நிமிடம் வைத்து, பாதத்தைத் தரையில் வையுங்கள்.